தேவையில்லாத இடைவெளிகள்

சேர்மன் ஐயா பதவியிலிருந்து இறங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பதவிதான் அவரை விட்டு இறங்கவில்லை. வாசலில் பித்தளைப் பலகை பளபளத்தது. அதில் 'முன்னாள்' என்ற சொல் மட்டும் எறும்பு அளவுக்குப் பொறிக்கப்பட்டிருந்தது. சல்லடை அக்கா குடையை மடக்கி, குனிந்து, அந்த எறும்பைப் படித்துவிட்டுத்தான் அழைப்புமணியை அழுத்தினாள்.

சல்லடை என்பது அச்சகத்தில் வைத்த பெயர். ஊரெல்லாம் அவரவர் வீட்டுக் கணினியில் அடித்து அனுப்புவதை எடுத்துப் புத்தகப் பக்கத்தில் ஒட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத குப்பையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றுக்கு நான்காக இடைவெளிகள், வரி நடுவில் ஒடிந்த வரிகள், எங்கிருந்தோ வந்த அம்புக்குறிகள். கல்யாண வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டால் ஓட்டுநர், உதவியாளர், உதவியாளரின் மச்சான் என்று வந்து உட்காருவார்கள் அல்லவா, அதுபோல. அவர்களை வலிக்காமல் வெளியே அனுப்புவது அவள் வேலை.

சேர்மன் ஐயாவின் சுயசரிதையை ஒட்டிய பக்கங்கள் கந்தலாகக் கிடந்தன. மறுநாள் காலை வெளியீட்டு விழா. அச்சகத்திலிருந்த இளைஞன் ஐயா வீட்டிலேயே உட்கார்ந்து சலித்துச் சலித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் என்று சொல்லிப் போய்விட்டான். மூலக் கோப்பை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப ஐயாவுக்கு மனமில்லை. யாராவது திருடித் தன் வாழ்க்கை வரலாறாகப் போட்டுக்கொள்வார்கள் என்று பயந்தாரோ என்னவோ.

"ஒரு மணி நேர வேலைக்கா. அங்கேயே உக்காந்து சுத்தம் பண்ணி, அங்கேருந்தே மெயில்ல அனுப்பிட்டு வந்துடுங்க," என்றிருந்தான் முதலாளி.

"அஞ்சு மணிக்கு நான் வீட்ல இருக்கணும் தம்பி. எதிர்வீட்டுப் பொண்ணு ஷிப்டுக்குக் கிளம்பிடுவா. அதுக்கப்புறம் அவர் தனியா இருப்பாரு."

அவர் என்றால் அவள் கணவர். அச்சகத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். மூலப்படியை அவர் நாள் முழுக்க உரக்கப் படிப்பார்; எதிரே உட்கார்ந்து அச்சுப்படியில் அவள் திருத்துவாள். வேண்டாத இடைவெளி வந்தால் அவர் வாயால் சொல்லமாட்டார், மேசையில் விரல்முட்டியால் ஒரு தட்டு. அந்தத் தட்டலில்தான் அவர்கள் கல்யாணமே நடந்தது என்று அச்சகத்தில் கேலி செய்வார்கள். பக்கவாதம் வந்த நாளோடு ரேடியோ நின்றுபோனது. தட்டல் மட்டும் மிச்சம். மோதிர விரலால் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வை. விடாமல் தட்டினால் சளி அடைக்கிறது, உடனே வா. மல்லாந்து கிடக்கும்போது அடைத்தால் சில நிமிடங்கள்தான் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

*

எழுதும் அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. கம்பி போட்ட ஜன்னலுக்கு வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. பிற்பகல்தான், ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே கேடயங்கள், கோப்பைகள், பொன்னாடை போர்த்தும் படங்கள். எல்லாப் படத்திலும் ஐயா கேமராவைப் பார்க்க, போர்த்துகிறவர் ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரச் சுவர் வாடைக்கு நடுவே மெல்லிய பவுடர் வாசனை வந்தது. படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கு முதுகில் தூவும் பவுடர். அவளுக்கு அது பழகிய வாசனை. தன் சேலையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மேசைமேல் இருந்த கணினியில் நூலின் கோப்பைத் திறந்தாள். 'நான் பிறந்த அன்று வானம் ஒரு கணம் யோசித்தது' என்று தொடங்கியது நூல். 'என்னைப் பற்றி நானே சொல்வது அழகல்ல என்பதால், பிறர் என்னைப் பற்றிச் சொன்னதை நானே சொல்கிறேன்' என்று அடுத்த பத்தி. ரேடியோவிடம் சொன்னால் சிரிப்பார். ஒரு பக்க வாயால் சிரிப்பார்.

மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அமுக்கினாள்.

பக்கம் முழுக்கப் புள்ளிகள், ஓர் இடைவெளிக்கு ஒரு புள்ளி; அச்சில் அவை வெறும் வெள்ளையாகத்தான் விழும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முப்பது, நாற்பது, சில இடங்களில் நாலு வரி நீளத்துக்கு. 'அமைச்சர் என் தோளில் கைபோட்டு', அதன்பின் புள்ளி புள்ளியாக ஒரு ஊர்வலம், அதன்பின் 'புன்னகைத்தார்'. பாவம், அமைச்சர் அவ்வளவு நேரம் கையை எடுக்காமல் நின்றிருக்கிறார்.

தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்தாள். எல்லாம் போனது. அடுத்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் அத்தனையும் அதே இடத்தில் இருந்தன. சரி, குளிப்பாட்டிவிடலாம் என்று முழுவதையும் எடுத்து நோட்பேடில் ஒட்டினாள். எந்த அலங்காரமும் நோட்பேடில் தங்காது, வெறும் எழுத்துதான் மிஞ்சும். புள்ளிகளைத் துடைத்து, அங்கிருந்து எடுத்துப் புதிய கோப்பில் ஒட்டினாள்.

புள்ளிகள் அங்கேயும் வந்து உட்கார்ந்திருந்தன.

இன்னொன்றும் கவனித்தாள். அத்தியாயம் போகப் போக ஊர்வலங்கள் கூடிக்கொண்டே போயின. கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் எழுத்தைவிடப் புள்ளிகளே அதிகம். கடைசி அத்தியாயத்தில் ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

சமையல்காரம்மா டீயோடு வந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"உங்களுக்கும் கேக்குதாம்மா?" என்றாள் மெதுவாக.

"என்னது?"

"அந்தத் தம்பி கேக்குதுன்னுச்சு. காய்ச்சலோட போயிடுச்சு." கேடய அலமாரியைக் கண்ணால் காட்டினாள். "அதுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு. அந்தப் பக்கந்தான் ஐயா வீட்டம்மா படுத்திருந்தாங்க. பேச்சு போயிடுச்சு. வேணுங்கும்போது ஸ்பூனால சுவத்தைத் தட்டுவாங்க. எழுதவிடாம தட்டுறான்னு ஸ்பூனைப் பிடுங்கிட்டாரு. மோதிரத்தால தட்டுனாங்க. அதையும் கழட்டிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் வெறும் எலும்புதான்." அவள் தன் விரல்முட்டியைத் தடவிக்கொண்டாள். "மத்தியானத்துக்கு மேல என்னை உள்ள விடமாட்டாரு. நான் பாத்துக்குறேன்னுவாரு. இந்த அலமாரியை வச்சு அடைச்சதும் அப்பதான். டீயைக் குடிங்க, ஆறிடும்."

குடிக்கத் தோன்றவில்லை.

*

மழை பிடித்துக்கொண்டது. கூடத்திலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. மறுநாள் ஏற்புரைக்கு ஐயா வீட்டுக்குள்ளேயே மைக் வைத்து ஒத்திகை தொடங்கிவிட்டார்.

எந்த இடத்துப் புள்ளி திரும்பி வருகிறது என்று பிடித்தாக வேண்டும். வேறு வழி தெரியாதபோது அவள் பழைய வழிக்குத்தான் போவாள். உரக்கப் படித்தாள். வேண்டாத இடைவெளி வந்த இடத்தில், கை தன் பழக்கத்தில் மேசையைத் தட்டியது.

"பொதுக்குழுவில் என் குரல் ஒலித்தபோது..."

டக்.

"...எதிரிகளும் எழுந்து நின்று..."

டக்.

"...கை தட்டினார்கள்."

டக். டக்.

கடைசி இரண்டும் அவள் தட்டியதல்ல.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். மழை கொட்டியது. அலமாரிக்குள் ஒரு கோப்பை கண்ணாடியில் இடித்து மெல்லக் கிணுகிணுத்து அடங்கியது.

எலியாக இருக்கும்.

எலிக்கு இரண்டே இரண்டு என்று எண்ணத் தெரியுமா?

அவள் மறுபடி ஒரு வரி படித்தாள். தட்டவில்லை. தட்ட வேண்டிய இடம் வந்தது; அலமாரிக்குப் பின்னாலிருந்து தட்டல் வந்தது. சதையில்லாத, உலர்ந்த தட்டல். ஒவ்வொரு புள்ளி ஊர்வலத்துக்கும் ஒன்று, எங்கும் தவறவில்லை. முடிவில் மறுபடி இரண்டு.

இரண்டு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள் கேட்பது எந்த வீட்டிலும் இரண்டு மூன்று விஷயங்கள்தான்.

கதவு திறந்தது. சேர்மன் ஐயா பட்டுச் சால்வையோடு நின்றார். ஒத்திகைக்கும் சால்வை.

"முடிஞ்சுதா?"

"ஐயா... இதை அடிக்கும்போது நடுநடுவுல ஸ்பேஸை அமுக்கிட்டே இருந்தீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. தன் எழுத்து முறையைப் பற்றி ஒருவர் கேட்கிறாரே! "பாத்தீங்களா, நுட்பமா கவனிச்சிருக்கீங்க. அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி. தட்டிக்கிட்டே இருப்பா. கோவிச்சுக்கிட்டு எழுந்து போனா சிந்தனை அறுந்துடும். அதனால நான் ஒரு உத்தி வச்சிருந்தேன். அவ தட்ட ஆரம்பிச்சா ஸ்பேஸ் மேல கட்டைவிரலை வச்சுடுவேன். அவ நிறுத்தினதும் எடுத்துட்டு விட்ட இடத்துலருந்து தொடருவேன். அறுபது வயசுக்கு மேல அவ்வளவு மனக்கட்டுப்பாடு யாருக்கு வரும், சொல்லுங்க?"

அவள் திரையைப் புரட்டிக் கடைசி அத்தியாயத்துக்குப் போனாள்.

"ஆனா கடைசி அத்தியாயம்," என்றார் ஐயா, குரலில் உண்மையான பெருமிதத்தோடு, "ஒரே மூச்சு. ஒரு தடங்கல் இல்ல. காலையில உக்காந்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். எழுந்து போய்ப் பாத்தப்பதான் தெரிஞ்சுது."

"ஐயா, நான் கிளம்பணும். வீட்ல அவர்..."

"முடிச்சுட்டுக் கிளம்புங்க. வேலை நடக்கும்போது இந்த அறையைப் பூட்டிடறது என் வழக்கம். கவனம் சிதறாது பாருங்க."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதற்குள் வெளியே சாவி திரும்பியது.

*

கைபேசி அதிர்ந்தது. எதிர்வீட்டுப் பெண்.

"அக்கா, வந்துட்டீங்களா? எனக்கு வண்டி வந்துரும்க்கா. இன்னிக்கும் லேட்டா போனா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அண்ணன் கம்பியைத் தட்டிக்கிட்டே இருக்காரு. தண்ணி குடுத்தேன், வேணாங்குறாரு."

"ரெண்டு ரெண்டா தட்டுறாரா?"

"ஆமாக்கா. திருப்பத்தான் பாத்தேன், ஒத்தையா என்னால முடியல. மல்லாக்கத்தான் படுத்திருக்காரு. சாவி எப்பவும் வைக்கிற இடத்துல இருக்கு. சீக்கிரம் வாங்கக்கா."

"அம்மாடி, ஒரு பத்து நிமிஷம் இரும்மா..."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. முதலாளியைக் கூப்பிட்டாள். "ஐயா போனை எடுக்க மாட்டேங்குறாருக்கா, ஒத்திகையில இருப்பாரு. நான் யாரையாவது..." அதோடு கைபேசி அணைந்தது. சார்ஜ் போட மறந்திருந்தாள்.

கதவைத் தட்டினாள். முதலில் விரல்முட்டியால், மரியாதையாக.

"இடையூறுகளுக்கு நடுவிலும்," என்றது ஒலிபெருக்கி, "என் பணி நின்றதில்லை!"

உள்ளங்கையால் அறைந்தாள். "ஐயா! கதவைத் திறங்க! சமையல்காரம்மா! யாராவது வாங்க! அங்க ஒரு உயிரு தனியா கெடக்கு!"

ஒலிபெருக்கியின் சத்தம் கூடியது. அவருக்குக் கேட்கிறது. கேட்பதால்தான் கூட்டுகிறார்.

அறைந்தாள். அறைந்துகொண்டே இருந்தாள். விரல்முட்டியில் தோல் உரிந்து கதவில் ஈரம் பட்டது. தற்செயலாகத் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

துடைத்து வைத்த அந்தக் கடைசி அத்தியாயத்தில் ஒரு புள்ளி இருந்தது.

கதவில் ஒரு தட்டு தட்டினாள். திரையில் இரண்டாவது புள்ளி வந்தது.

இன்னொரு தட்டு. இன்னொரு புள்ளி. 'தடையின்றி' என்ற சொல்லை இரண்டாகப் பிளந்துகொண்டு புள்ளி புள்ளியாக ஊர்வலம் நகர்ந்தது. விசைப்பலகையில் யாரும் இல்லை. ஸ்பேஸ் விசை மட்டும் அமுங்கியபடி கிடந்தது, அதன்மேல் ஒரு கட்டைவிரல் இருப்பதுபோல.

அவள் அலறவில்லை. அலறுவதற்கு நேரமில்லை. இந்நேரம் கட்டில் கம்பியில் தட்டல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அல்லது நின்றிருக்கும்.

நின்றிருக்கும் என்று நினைத்ததும், அலமாரிக்குப் பின்னால் ஒரு கதவு இருப்பது ஞாபகம் வந்தது.

அலமாரியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. வாழ்நாள் சாதனையாயிற்றே, லேசில் நகருமா? சுவரில் முதுகைக் கொடுத்து, அலமாரிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் காலை நுழைத்து, ரேடியோவை நாற்காலிக்கு மாற்றும்போது கூப்பிடும் அதே தெய்வத்தைக் கூப்பிட்டு உந்தினாள். அலமாரி ஒரு கணம் யோசித்தது. பிறகு முகம் குப்புற விழுந்தது. கண்ணாடியும் கோப்பையும் கேடயமும் தரை முழுக்கச் சிதறின.

ஒலிபெருக்கி நின்றது. "யாரது? அமைதி!" என்றார் ஐயா மைக்கிலேயே. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பின்னால் இருந்த கதவுக்கு இந்தப் பக்கம்தான் தாழ்ப்பாள். துருவோடு பிடுங்கினாள்.

இருட்டு. பவுடர் வாசனை முகத்தில் வந்து மோதியது. ஒரு கட்டில், அதன்மேல் சுருட்டாத மெத்தை. தலைமாட்டுச் சுவரில், தலையணை உயரத்தில், சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரியும் ஒரு குழி. கட்டைவிரல் புதையும் ஆழம். எதிரே நடைவழிக்குப் போகும் கதவு. ஓடிப்போய் இழுத்தாள்.

பூட்டியிருந்தது.

"ஐயோ, என்னை விடுங்களேன்," என்றாள் யாரிடமோ. "அவர் செத்துடுவாருங்க. மல்லாக்கக் கெடக்காருங்க."

டக். டக்.

கட்டிலிலிருந்து.

அவள் திரும்பினாள். மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, மல்லாந்து கிடக்கும் ஓர் ஆளின் அளவுக்கு. காலியான பள்ளம். அது மெல்ல ஏறி இறங்கியது.

டக். டக்.

வீட்டில் வேலையாக இருக்கும்போது ரேடியோ தட்டினால் அவள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: ஒரு வரி, ஒரே ஒரு வரி முடிச்சுட்டு வர்றேன்.

"வந்துட்டேன்மா," என்றாள்.

கட்டிலருகே போய், பழகிய கணக்கில் குனிந்து, ஒரு கையைத் தோள் இருக்க வேண்டிய இடத்துக்கு அடியிலும், மறு கையை இடுப்பு இருக்க வேண்டிய இடத்துக்கு அடியிலும் கொடுத்தாள்.

கையில் கனம் இருந்தது.

எலும்பும் தோலுமான கனம். சில்லென்று, பவுடர் தூவிய கனம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மெதுவாக, வலிக்காமல், சுவர்ப்பக்கமாகத் திருப்பினாள். முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தாள். காதருகே நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது. எத்தனையோ நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு.

பின்னால் நடைவழிக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

*

மழையில் எப்படி ஓடினாள், எந்த வண்டியை மறித்து ஏறினாள் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகு நினைவில்லை. வீட்டுப் பூட்டில் சாவி மூன்றாவது முறைதான் நுழைந்தது. உள்ளே தட்டல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

"என்னங்க? என்னங்க!"

ரேடியோ ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்திருந்தது. வாயோரம் வழிந்த சளியை யாரோ துடைத்து, துணியை நான்காக மடித்துக் கட்டிலோரம் வைத்திருந்தார்கள். மூச்சு சீராக வந்தது. விழித்தே இருந்தார்.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்தும்போதுதான் வாசனை வந்தது. அந்த இருட்டறையில் முகத்தில் மோதிய அதே பவுடர்.

கைபேசியைச் சார்ஜில் போட்டதும் முதலாளி கூப்பிட்டான்.

"அக்கா, பின்னிட்டீங்க! ஃபைல் மெயில்ல வந்துருச்சு. ஒரு குப்பை இல்ல. கடைசி அத்தியாயத்துல மட்டும் ஒரு எழுத்தையும் காணோம், பக்கம் பக்கமா வெறும் புள்ளி. அதுல என்ன பண்ணட்டும்?"

கோப்பை அவள் அனுப்பவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்படியே அச்சடி."

"வெத்துப் பக்கமாவா? ஐயா மேடையில பிரிச்சுப் படிப்பாருக்கா!"

"படிக்கட்டும். அதுதான் அந்தப் புத்தகத்துலயே உண்மையான அத்தியாயம். நீ கை வைக்காத."

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரேடியோவின் கைகளைத் தேடினாள். இரண்டையும் எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். சூடாக இருந்தன.

"யாருங்க திருப்பிப் படுக்க வச்சது?" என்று கிசுகிசுத்தாள்.

அவர் பார்வை அவள் முகத்தைத் தாண்டி, விளக்குப் போடாத சமையலறைப் பக்கம் போய் நின்றது. அவர் பயப்படவில்லை. ஒரு பக்க வாயால் லேசாகச் சிரித்தார்.

அவருடைய கைகள் இரண்டும் அவள் கைக்குள்தான் இருந்தன.

டக்.

ஒரே ஒரு தட்டு. சமையலறைச் சுவரிலிருந்து.

சல்லடை அக்கா அவர் கைகளை மெல்லப் போர்வைக்கு மேல் வைத்தாள். எழுந்து, பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டு, இருட்டை நோக்கி நடந்தாள்.